தட்டோடு இறங்கும் அக்கா

காய்ச்சல் வந்து போனதில் லிஃப்ட் மெக்கானிக்குக்கு வாசனையே தெரியாமல் போய் மூன்று வருடமாகிறது. அதைப் பற்றி அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஞாயிறு மாலை அவர் சுடும் கார்லிக் பிரெட்டுக்கு அவர் குடியிருக்கும் கட்டடமே நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு காத்திருக்கும்போது எதற்குச் சொல்ல வேண்டும்?

அவருடைய பழைய ஓவன் அவரைவிட முன்கோபி. ஒரு வாரம் பத்து நிமிடத்தில் வேகும், மறுவாரம் இருபது ஆகும். அவர் அலட்டிக்கொள்ள மாட்டார். வாசனை மூன்றாம் மாடிக்கு ஏறியதும் அங்கிருக்கும் தையல்கார அக்கா தட்டோடு இறங்குவார். அந்தச் செருப்புச் சத்தம் கேட்டு ஓவனைத் திறந்தால் பிரெட் பொன்னிறமாக இருக்கும்.

போன ஞாயிறு செருப்புச் சத்தமே இல்லை. காதைத் தீட்டிக்கொண்டு நின்றவர், புகை மண்டியதும் ஓவனைத் திறந்தார். அத்தனையும் கரி.

விடுவிடுவென்று மாடியேறினார். அக்கா மடியில் காலித் தட்டோடு உட்கார்ந்திருந்தார்.

“ஏன்க்கா வரல?”

“வாரா வாரம் நான்தான் முதல் ஆளா தட்டை நீட்டறேன், தம்பி. எல்லாரும் சிரிக்கிறாங்க. இன்னிக்காவது கடைசியா வரலாம்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்.”

“நல்லா உக்காந்தீங்க! எனக்கு வாசனையே தெரியாது. நீங்க இறங்கினாதான் வெந்துடுச்சுன்னு எனக்குத் தெரியும்!”

இந்த ஞாயிறு அவர் மாவு பிசையும்போதே அக்கா வந்துவிட்டார், ஒரு கையில் தட்டு, மறு கையில் நாற்காலி. ஓவன் முன்னால் அதைப் போட்டு உட்கார்ந்தவர், வாசலில் எட்டிப் பார்த்துச் சிரித்தவர்களை அதட்டினார்: “வேலையா இருக்கேன். யாரும் பேச்சுக் குடுக்காதீங்க.”