டிஸ்பென்சர் அண்ணையின் இருபத்திரண்டாம் நாள்

வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டிஸ்பென்சர் அருளானந்தம் காலமாகிவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் அழவில்லை. அவருடைய வீட்டுக்கும் ஓடவில்லை. கூப்பன் கடை வரிசையில் சீனிக்காக இரண்டு மணித்தியாலம் நின்று பிடித்த இடத்தை விட்டுவிட்டு, சைக்கிளை மிதித்து என் வீட்டுக்குப் போய், கண்ணாடிக்கு முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். இடது கன்னத்தின் உட்புறம், நாக்கின் இரண்டு கரைகள், அடிநாக்கு எல்லாவற்றையும் பார்த்தேன்.

என் மனைவி புவனம் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன, கொட்டாவி விட்டது அப்பிடியே நிண்டுபோச்சோ?"

"டிஸ்பென்சர் அண்ணை மோசம் போயிட்டாராம்."

"அந்த மனுசன் செத்ததுக்கு நீங்கள் ஏன் உங்கடை பல்லைப் பாத்துக்கொண்டு நிக்கிறியள்?"

அவர் வாயில் வந்த புண்ணால் செத்தார். அந்தப் புண்ணோடு அவரைக் கொழும்புக்குப் போகவிடாமல் வீட்டில் இருத்திவைத்தது என்னுடைய வாய்தான் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். புத்தூரில் அவரை அறிந்த உங்களுக்கு அந்தக் கதையைச் சொல்லவேண்டும்.

அருளானந்தத்தார் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் முப்பது வருடம் மருந்து கலந்து கொடுத்தவர். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த குடும்பம். இங்கிலிஷ் மருந்தைத் தவிர வேறொன்றையும் மருந்து என்று ஒப்புக்கொள்ளாதவர். ஓய்வு பெற்றபின் வீட்டு விறாந்தையில் ஒரு மேசையைப் போட்டு ஊருக்கு மருந்து கொடுத்தார். பிறகு யுத்தத்தோடு பொருளாதாரத் தடை வந்தது. மருந்துப் பெட்டிகள் வரவில்லை. வாய்ப்புண்ணுக்குப் பூசும் ஊதா மருந்துப் போத்தல் அடியில் காய்ந்து கிடந்த நாளில், அவருடைய மனைவி மலர் அக்கா ஒரு சுளகைக் கொண்டுவந்து மேசையில் வைத்தா.

"நீங்கள் எறியச் சொன்ன மாதுளங்கோது. காயவைச்சு வைச்சிருக்கிறன். அவிச்சுக் குடுங்கோ."

அவர் இரண்டு நாள் அந்தச் சுளகோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் அந்த மாதுளம்பழத் தோலை அவித்து, தண்ணீர் பாதியாக வற்றியதும் வடித்து, பழைய மருந்துப் போத்தலில் விட்டு, லேபல் ஒட்டி, வேளைக்கு எவ்வளவு என்று காட்டும் கடதாசிக் கீலத்தையும் பக்கத்தில் ஒட்டினார். "லேபல் இல்லாட்டிச் சனம் இதைக் கறிக்கு விட்டிடும்" என்பது அவர் சொன்ன சமாதானம். அதன்பிறகு மலர் அக்கா சொல்லச்சொல்ல மருந்துப் பட்டியல் நீண்டது. விடிய வெறுவயிற்றில் நாலு பிச்சி இலையை மென்று சாற்றை வாயில் வைத்திருக்கவேண்டும். மத்தியானம் மணித்தக்காளி இலையைத் தேங்காய்ப்பாலில் சொதி வைத்துச் சாப்பிடவேண்டும். மிளகாய் அறவே கூடாது. யாழ்ப்பாணத்தானுக்கு மிளகாயை நிறுத்துவதை விடப் புண்ணே பரவாயில்லை என்று அப்போது நான் பகிடி விட்டேன். அந்தப் பகிடி பிறகு என்னிடமே திரும்பி வந்தது.

அவர் மனிதரை முகத்தால் நினைவு வைத்திருப்பதில்லை, வாயால் வைத்திருப்பார். ஒரு கலியாண வீட்டில், மாப்பிள்ளை சிரித்த கையோடு என் காதுக்குள், "மேல்வாயிலை வலப்பக்கம் ரெண்டு பல்லும் கட்டினது, பெம்பிளை வீட்டாருக்குத் தெரியுமோ தெரியாது" என்றார். அதை அன்று பின்னேரத்துக்குள் ஊர் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தவன் நான். அதற்காக அவர் என்னைக் கோபித்தபோது சொன்னது இன்றைக்கும் காதில் நிற்கிறது.

"மாஸ்டர், சனம் முகத்தாலை பொய் சொல்லும். வாயைத் திறந்தால் பொய் சொல்லேலாது."

"வாயைத் திறந்துதானே அண்ணை பொய் சொல்லுறது?"

"கதைக்கத் திறக்கிறது வேறை, காட்டத் திறக்கிறது வேறை. உமக்கு முதலாவதுதான் தெரியும்."

பற்றரிக்கும் தடை என்பதால் டோர்ச் லைட் இல்லை. ஆளைப் பின்னேர வெயிலில் இருத்தி, உள்ளங்கை அளவான ஒரு கண்ணாடித் துண்டால் வெளிச்சத்தைத் தொண்டைக்குள் விழுத்திப் பார்ப்பார். பார்த்துவிட்டு எல்லாருக்கும் ஒரே கணக்குத்தான் சொல்லுவார். "இருபத்தொரு நாள். ஆறினால் ஆறிச்சு. ஆறாட்டி இருபத்திரண்டாம் நாள் கொழும்புக்கு வெளிக்கிடவேணும். இலை குழையாலை ஆறாத புண்ணும் இருக்கு." உடுவிலில் ஒரு வாத்தியாரம்மா இருபத்தொரு நாளிலும் புண் ஆறாமல், போகமாட்டேன் என்று நின்றா. இருபத்திரண்டாம் நாள் விடிய அவவின் படலையில் சைக்கிளோடு போய் நின்று, "வெளிக்கிடுங்கோ பிள்ளை" என்று ஒரே சொல்லைப் பத்துமணிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அவ போனா. அங்கே வெட்டி எடுத்தார்கள். இன்றைக்கும் உயிரோடு இருக்கிறா.

கொழும்புக்குப் போவது என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கிளாலிக் கடலை இரவில், கடற்படைக்கு ஒளித்து வள்ளத்தில் கடக்கவேண்டும். ஏறிப்போய்த் திரும்பாதவர்களின் கதை ஊருக்கு ஒன்றாவது இருந்தது. ஆகவே எனக்கு இடது கன்னத்தின் உள்ளே ஒரு புண் வந்து, மாதம் ஒன்றாகியும் ஆறாமல் இருந்தபோது, நான் எதற்குக் கூடுதலாகப் பயந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை: புண்ணுக்கா, கடலுக்கா? புவனத்துக்குச் சொல்லவில்லை. நாளொன்றுக்கு ஆறு சுருட்டுப் பத்துகிற வாய் அது. என் சித்தப்பா ஒருவர் அப்படித்தான், கன்னத்தில் ஓட்டை விழுந்து போனவர். சாப்பிடும்போதும், படிப்பிக்கும்போதும் நாக்கு தானாகப் போய் அந்த இடத்தைத் தடவும். பகிடிக்காரன் என்று பெயரெடுத்த நான், பத்திரிகைக்குக் கிழமை தவறாமல் எழுதிவந்த பகிடிக் கட்டுரையை மூன்று கிழமையாக எழுதவில்லை.

கடைசியில் அவர் முன்னால் போய் வாயைத் திறந்தேன். கண்ணாடி வெளிச்சம் உள்ளே போயிற்று. வழக்கத்தை விட நெடுநேரம் பார்த்தார். கொப்பியில் ஏதோ எழுதினார்.

"அண்ணை, அதுதானோ?"

"இருபத்தொரு நாள். சுருட்டை இண்டையோடை விடும்."

"அதுதானோ எண்டு கேட்டனான்."

"சுருட்டை விடும் எண்டு சொன்னனான்."

அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் மிச்சச் சுருட்டுக் கட்டை வேலிக்கு மேலால் எறிந்தேன். மிளகாய் இல்லாமல் சொதி வைக்கச் சொன்னதும் புவனம், "ஆர் உங்களுக்குச் செய்வினை செய்தது?" என்று கேட்டாள். அன்றுதான் அவளுக்குச் சொன்னேன். அதன்பிறகு அவளும் மிளகாய் சேர்க்கவில்லை, கேலியும் செய்யவில்லை. அவள் கேலி செய்யாதது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

பதினோராம் நாள் பின்னேரம் விறாந்தையில் கஷாயத்தை வாயில் வைத்தபடி இருந்தேன். நூறு எண்ணும்வரை துப்பக்கூடாது. எண்ணுவது அவர். முப்பதுக்குக் கிட்ட வரும்போது பொம்பர் சத்தம் கேட்டது. அவர், மலர் அக்கா, நான், மூவரும் முற்றத்தில் வெட்டியிருந்த பங்கருக்குள் விழுந்தோம்.

"துப்பாதையும்" என்றார் இருட்டுக்குள்ளிருந்து. "முப்பத்தாறு, முப்பத்தேழு…"

மலர் அக்கா கர்த்தரைக் கூப்பிட்டா. எனக்கு முருகனைக் கூப்பிட வாயில் இடமில்லை. பொம்பர் ஒருமுறை சுற்றிப் போய், குத்தி இறங்கும் அந்த இரைச்சல் வந்தது. அவருடைய கை என் தோளைப் பிடித்தது. பிடித்த பிடியை விடவில்லை. "முப்பத்தொன்பது" என்ற சொல்லோடு குண்டு விழுந்தது. தலையில் மண் கொட்டியது. நான் பல்லை இறுக்கிக் கடித்தேன். வாய்க்குள் ஏதோ நொறுங்கியது. கஷாயம், மண், நொறுங்கியது எல்லாவற்றையும் சேர்த்து விழுங்கினேன்.

புழுதி அடங்கியது. பிறகு அவர் குரல் மெல்லக் கேட்டது.

"ஒண்டு… ரெண்டு… மூண்டு…"

"இஞ்சேருங்கோ, முப்பத்தொன்பதிலை நிண்டனீங்கள்" என்றா மலர் அக்கா.

"தப்பிப்போச்சு. முதலிலையிருந்து எண்ணுவம்."

என் வாயில் எண்ணுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்று நான் சொல்லவில்லை.

குண்டு ஒரு புகையிலைத் தோட்டத்தில் விழுந்து கிணறு மாதிரிக் கிடங்கு விட்டிருந்தது. வீட்டுக்கு வந்து நாக்கால் தடவினேன். மாதக்கணக்காக உடைந்து கூராக நின்ற கடைவாய்ப் பல்லின் முனையைக் காணவில்லை. அதிலிருந்து நாலாம் நாள் எரிவு நின்றது. மருந்து தொடங்கிய பதினெட்டாம் நாள் புண்ணே இல்லை. எனக்கு விளங்கிவிட்டது: பல்தான் குத்தியிருக்கிறது, குண்டுதான் மருந்து. ஆனால் விமானப்படை என் வாயைச் சுகப்படுத்தியது என்று எந்தப் பத்திரிகையில் எழுதுவது? மாதுளங்கோதின் மகிமை என்று எழுதினேன். நல்ல பகிடியாக வந்தது. சனம் வெட்டி வைத்து வாசித்தது. வடமராட்சியிலிருந்தும் ஆட்கள் அவரிடம் வந்தார்கள். அவர் என் கட்டுரையை வாசித்துவிட்டுச் சிரித்தார். நானும் பல்லைப் பற்றி மூச்சு விடவில்லை.

அதற்கு அடுத்த வருடம் மார்கழியில், நத்தார்ப் பண்டிகைக்குச் சற்று முன்னால், அவருடைய அடிநாக்கில் ஒரு புண் வந்தது. பங்குனியில் நான் பார்க்கப் போனபோது ஆள் பாதியாகியிருந்தார். மேசையில் லேபல் ஒட்டிய அதே கஷாயப் போத்தல். என் கட்டுரையை நம்பித்தான் இருக்கிறார் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்லிவிடவேண்டும் என்று வாயெடுத்தேன். அவர் கண்ணாடித் துண்டை எடுத்து, ஆ காட்டச் சொல்லிச் சைகை செய்தார். திறந்தேன். வாயைத் திறந்து காட்டிக்கொண்டு எதையும் ஒப்புக்கொள்ளமுடியாது. பார்த்து முடித்து, "துப்பரவு" என்றார். அந்தச் சொல்லே கொழகொழத்து வந்தது.

"அண்ணை, இருபத்தொரு நாள் தாண்டேல்லையோ?"

"இல்லை. இண்டைக்கு ஒன்பது."

மலர் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டா. நத்தாரிலிருந்து எத்தனை நாள் என்று எண்ண எனக்கும் தெரியும், நான் கணித வாத்தியார். ஆனால் அவருடைய படலையில் சைக்கிளோடு போய் நின்று "வெளிக்கிடுங்கோ" என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. போனால் துணைக்கு அந்த வள்ளத்தில் நானும் ஏறவேண்டி வரும். சித்திரை வருடப்பிறப்புக்கு முதல் அவர் போய்விட்டார்.

அடக்கம் முடிந்து ஒரு கிழமையில் மலர் அக்கா அவருடைய கொப்பியை என் முன்னால் வைத்தா. அவருடைய சொந்தப் பக்கத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று இருபத்தொன்றுவரை இருந்தது. அடுத்த வரியில் இருபத்திரண்டு இல்லை. மறுபடி ஒன்று. அப்படி ஐந்து வரி. ஆறாவது வரி ஏழில் நின்றது.

"வள்ளம் எண்டால் பயம், மாஸ்டர்" என்றா மலர் அக்கா. "கீரிமலைக்குப் போய்வரக்கூடிய காலத்திலையே கேணியிலை கடைசிப் படிக்கு இறங்காத மனுசன்."

அந்தக் கண்ணாடித் துண்டைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். காலையில் வெயிலைப் பிடித்து வாய்க்குள் விழுத்திப் பார்க்கிறேன். சுருட்டை இதுவரை தொடவில்லை. எங்கேயாவது ஒரு இரைச்சல் கேட்டால், ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குகிறேன். அவரிடமிருந்து எனக்கு வந்தது இவ்வளவுதான்.

கொப்பியில் என் பெயருக்கும் ஒரு பக்கம் இருந்தது. நான் முதன்முதல் வாயைத் திறந்த அன்று எழுதியது: "மாஸ்டர். உடைந்த பல் குத்திய புண். பயமில்லை. பல்லைப் பிறகு ராவலாம். சுருட்டை விடும்வரை ஆளுக்குச் சொல்வதில்லை. மாதுளங்கோது தட்டுப்பாடு, இவருக்குக் கஷாயமென்று தேயிலைச் சாயம் போதும்."