அண்ணன் பெயரில் என் ரத்தம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நானும் என் அண்ணனும் ஒரே கம்பி ஆலையில் வேலை பார்த்தோம். அவன் உலைப் பக்கம், நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினேன். இரண்டு பேருமே காண்ட்ராக்ட் ஆட்கள்தான். வருடத்துக்கு ஒருமுறை கேன்டீன் மேசைகளைத் துடைத்துப் போட்டு, எங்களுக்கு மெடிக்கல் நடத்துவார்கள். தொழிலாளியின் உடம்பின் மேல் அவர்களுக்கு அவ்வளவு அக்கறை. ரத்தத்தில் ஏதாவது சரியில்லை என்று வந்தால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பமாட்டார்கள், கேட்டுக்கு வெளியே அனுப்புவார்கள்.

அதனால் நாங்களும் விவரமாகத்தான் இருந்தோம். கண் பரிசோதனைக்கு முந்தின ஷிப்ட்காரன் எழுத்துகளை வரிசையாக ஒப்பித்துக் காட்டுவான், அடுத்த ஷிப்ட்காரன் மனப்பாடம் பண்ணிக்கொள்வான். சர்க்கரை இருக்கிறவன் சர்க்கரை இல்லாதவனின் சிறுநீரை வாங்கிப்போய்க் கொடுப்பான். புதிதாகச் சேர்ந்த ஒரு பையனுடையது ஒரு வருடம் ஐந்து பேர் பெயரில் போனது. ரத்தத்துக்கு ஆளே மாறிப் போவான். ஹெல்மெட்டும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு அடுத்தவனின் ஐடி கார்டைக் கழுத்தில் மாட்டினால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. சூப்பர்வைசருக்கு எல்லாம் தெரியும். அவருக்குத் தலை எண்ணிக்கை குறையக்கூடாது, அவ்வளவுதான்.

நாலு வருடம் முன்னால் கவரைப்பேட்டையிலிருந்து வரும் ஒருத்தரை லிவர் ரீடிங் அதிகம் என்று வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அன்று சாயங்காலம் அண்ணன் சைக்கிள் ஸ்டாண்டில் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தான். உலைச் சூட்டில் நின்றுவிட்டு வருகிறவனுக்குக் குடிக்காமல் தூக்கம் வராது என்பது அவன் கட்சி. எனக்கோ அந்தப் பழக்கம் கிடையாது.

"நாளிக்கி பி ஷிப்ட்டுக்கு மெடிக்கலு. என் கார்ட மாட்டிகினு போய் குட்த்துட்டு வந்துடு. ஒரு ட்யூப் ரத்தம்தானே."

நான் ஏன் என்று கேட்கவில்லை. என் ரத்தத்தை முதல் நாள் இடது கையில் எடுத்திருந்தார்கள். மறுநாள் வலது கையை நீட்டினேன். ஊசி போட்ட பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பத்து நாள் கழித்து அண்ணன் பெயருக்கு ரிப்போர்ட் வந்தது, எல்லாம் நார்மல். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. வெட்கம்கெட்டவன் நான், அதைச் சொல்லத்தான் வேண்டும். அடுத்த வருடமும் கொடுத்தேன். அதற்கடுத்த வருடமும் கொடுத்தேன். அண்ணி அந்த மூன்று ரிப்போர்ட்டையும் ரேஷன் கார்டு, ஆதார் கார்டோடு ஒரே ஃபைலில் போட்டு பீரோவில் வைத்திருந்தாள்.

போன வருடம் அவன் கால் வீங்கியது. நின்று நின்று வேலை பார்த்ததால் என்றான். பிறகு கண் மஞ்சளானது. எங்கள் பக்கத்தில் மஞ்சள் காமாலை என்றால் யாரும் முதலில் டாக்டரிடம் போவதில்லை. ஊத்துக்கோட்டை தாண்டி ஒரு கிராமத்தில் இலையை அரைத்து மோரில் கரைத்துக் கொடுப்பார்கள். அண்ணி ஷேர் ஆட்டோவில் அவனைக் கூட்டிக்கொண்டு மூன்று நாள் விடியற்காலையில் போய்வந்தாள். உப்பில்லாத பத்தியச் சோறு ஆக்கிப் போட்டாள். மஞ்சள் இறங்கவில்லை, வயிறு பானையாக உப்பியது. பொன்னேரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம், அவர்கள் பார்த்துவிட்டு உடனே சென்னைக்குப் போகச் சொன்னார்கள்.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் வார்டைப் பார்த்துக்கொண்டது ஒரு சின்ன வயது டாக்டரம்மா. ஸ்கேனுக்கு நாலு நாள் வரிசை இருந்தது. அதனால் முதலில் ரத்தம்தான் எடுத்தார்கள். பேப்பர் வந்ததும் நான் அதில் எஸ்ஜிபிடியைத் தேடினேன். லிவர் ரீடிங் என்று ஆலையில் எல்லோரும் பயப்படுகிற எண் அதுதான். நாற்பத்தொன்று என்று இருந்தது, கிட்டத்தட்ட நார்மல். அம்மாவிடம் போய் லிவர் அவ்வளவு மோசமில்லை என்று சொன்னேன். அம்மா குலதெய்வத்துக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்தாள்.

டாக்டரம்மா பழைய ரிப்போர்ட் இருக்கிறதா என்று கேட்டாள். அண்ணி ஃபைலை நீட்டினாள். டாக்டரம்மா மூன்று வருடக் காகிதத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். போன வருடம்வரை சுத்தமாக இருந்த லிவர் சில மாதத்தில் இப்படி ஆகியிருக்கிறது, உள்ளே என்ன போனது என்று கேட்டாள். அண்ணி மறைக்காமல் இலை மருந்தைச் சொன்னாள். அவ்வளவுதான், விசாரணை முடிந்துவிட்டது. பச்சிலைதான் லிவரை அரித்துவிட்டது, படித்துப் படித்துச் சொன்னாலும் நீங்களெல்லாம் திருந்தமாட்டீர்கள் என்று டாக்டரம்மா வார்டே கேட்கத் திட்டினாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டு, எம்புள்ளைக்கு விஷம் வைத்துவிட்டாள் என்று ஆரம்பித்தாள். அண்ணி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். வாயில் கொழுக்கட்டை வைத்துக்கொண்டு நின்றேன்.

அன்று மதியம் கட்டிலுக்குப் பக்கத்தில் யாரும் இல்லாதபோது அண்ணனிடம், சொல்லிவிடலாம் என்றேன். அவன் கண் முழுக்க மஞ்சள், ஆனால் புத்தி தெளிவாகத்தான் இருந்தது.

"வாயத் தொறக்காத. நான் எய்ந்து வந்தா அந்த கேட்டுக்குள்ளதான் போவணும். உனுக்கும் அதே கேட்டுதான்."

அண்ணி திட்டு வாங்குகிறாளே என்றேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எனக்கும் அவன் சொன்னது வசதியாகத்தான் இருந்தது. இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். அண்ணன் பேச்சைக் கேட்டேன் என்று வெளியில் சொல்லிக்கொள்ளலாம், உண்மையில் என் வேலை போய்விடும் என்று பயந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் நர்ஸ், இலை மருந்தால் வந்த திடீர் பாதிப்பு என்பதால் இன்று ஸ்டீராய்டு ஊசி ஆரம்பிக்கப் போகிறார்கள் என்று சொல்லி என்னிடம் கையெழுத்து கேட்டாள். திடீர் பாதிப்பு என்ற சொல்லைப் பார்த்ததும் பேனாவை நர்ஸிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அது திடீரென்று வந்ததல்ல என்று அந்தக் கட்டடத்தில் தெரிந்தவர்கள் இரண்டே பேர், அதில் ஒருவன் படுத்திருந்தான். நேராக டாக்டரம்மாவிடம் போய், அந்த மூன்று ரிப்போர்ட்டில் இருக்கிற ரத்தம் என்னுடையது என்று சொன்னேன்.

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. பேனாவை எடுத்து மூன்று காகிதத்தையும் குறுக்கே கோடு போட்டு அடித்தாள். உடனே போன் பண்ணி ஊசியை நிறுத்தச் சொன்னாள், வயிற்று நீரில் கிருமி இருந்தால் அந்த ஊசி ஆளையே முடித்துவிட்டிருக்கும் என்றாள். பிறகு புது ரிப்போர்ட்டை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

எஸ்ஜிபிடி நார்மலாச்சே மேடம் என்று கேட்டேன்.

"எரியறதுக்கு மிச்சம் இருந்தாத்தான் புகை வரும்" என்றாள்.

அந்த எண் லிவர் செல்கள் சாகும்போது ரத்தத்தில் ஏறுவது, எவ்வளவு லிவர் மிச்சம் இருக்கிறது என்பதை அது சொல்லாது என்றாள். மிச்சத்தைச் சொல்வது வேறு எண்கள். அல்புமின் லிவர் செய்கிற புரதம், அது இரண்டு சொச்சத்துக்கு இறங்கியிருந்தது. ஐஎன்ஆர் என்பது ரத்தம் உறையப் பிடிக்கிற நேரத்தைக் காட்டுவது, அது இருமடங்குக்கு மேல் போயிருந்தது. மஞ்சளைக் காட்டுகிற பிலிருபின் ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது, ஏழு. பிளேட்லெட் ஐம்பதாயிரத்துக்கும் கீழே. லிவர் வருடக்கணக்கில் இறுகிக்கொண்டே வந்தால் மண்ணீரல் வீங்கி பிளேட்லெட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சில மாதத்தில் வந்த நோயில் இது இப்படி இறங்காது, எனக்கு முதல் நாளே இடித்தது, உங்கள் ஃபைலைப் பார்த்துத்தான் விட்டுவிட்டேன் என்றாள்.

ஒவ்வொன்றுக்கும் மார்க் போட்டுக் கூட்டினாள். பள்ளிக்கூடத்தில் மார்க் கூடினால் நல்லது, இங்கே கூடக் கூட மோசம். நோயின் மூன்று வகுப்புகளில் கடைசி வகுப்பு என்று வந்தது. மூன்று வருடம் முன்னால் தெரிந்திருந்தால் என்று ஆரம்பித்தேன். அப்போதே பிளேட்லெட் குறைய ஆரம்பித்திருக்கும், சாதாரண ரத்தப் பரிசோதனையே காட்டிக்கொடுத்திருக்கும், அந்தக் கட்டத்தில் குடியை விட்டு நிறையப் பேர் பிழைத்திருக்கிறார்கள் என்றாள். ஆலைக்குள்ளேயே அவனைத் தேடி வலிய வந்த பரிசோதனை அது. அதில் என் கையைக் கொண்டுபோய் வைத்தவன் நான்.

அண்ணன் அதற்குப் பிறகு பத்தொன்பது நாள் இருந்தான். கடைசி நாட்களில் அவனுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை, ஷிப்ட்டுக்கு நேரமாச்சு என்று எழுந்து எழுந்து உட்கார்ந்தான்.

காரியத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் இலையைப் பற்றித்தான் பேசினார்கள். அண்ணியின் அண்ணன்கூட, கேக்காம ஏன் குடுத்த என்றார். பதினாறு முடிந்து எல்லோரும் போன பிறகு, அண்ணி குழாயடியில் அவன் சட்டைகளை அலசிக்கொண்டிருந்தபோது அவளிடம் சொன்னேன். முதல் வருடத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அலசுவதை நிறுத்தினாள்.

"அதுக்கு முன்னாடி குடிக்காதன்னு தெனம் சண்ட போடுவேன் தம்பி, உனுக்குத் தெரியாது, நீ நைட் ஷிப்ட்டு போய்டுவ. மொத ரிப்போர்ட்டு வந்தன்னிக்கி அத என் மூஞ்சிகிட்ட காட்டி, எனுக்கு ஒண்ணும் இல்ல பாருடின்னாரு. நானும் நம்பி வாய மூடிகினேன். அப்பறம் நானே தொட்டுக்க முட்ட வறுத்து குட்த்துகினு இருந்தேன்."

என் மேல் கையை ஓங்கியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். இத அத்தகிட்டயும் சொல்லிடு தம்பி என்று மட்டும் கேட்டுவிட்டுக் குழாயைத் திறந்தாள்.

அன்றைக்கே அம்மாவை உட்காரவைத்துச் சொன்னேன். இலையால் வந்ததில்லை, இலை கொடுப்பதற்கு வருடக்கணக்கு முன்னாலேயே லிவர் போய்விட்டது, அது தெரியாமல் போனதற்குக் காரணம் நான்தான் என்று டாக்டரம்மா சொன்னபடி ஒவ்வொன்றாக விளக்கினேன். அம்மா கடைசிவரை கேட்டாள். புரிந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு என் வலது கையை இழுத்து மடியில் வைத்துத் தடவிக்கொடுத்தாள்.

"கூடப் பொறந்தவனுக்கு ரத்தம் குட்த்த. அதுல இன்னா தப்பு? அவ அந்த எலைய குடுக்காத இருந்தா எம்புள்ள இன்னிக்கி இருப்பான்."

அண்ணி உள்ளே எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்தது.