நைனாவை ஏமாற்றிய கடைக்காரன்

எறும்புக்கும் தீங்கு நினையாதவர், ஒருநாளும் முகம் சுளிக்காதவர் என்றெல்லாம் இத்தகைய நினைவு மலர்களில் எழுதுவார்கள். படித்தாலே எனக்குக் குமட்டும். எங்கள் நைனா நன்றாக முகம் சுளிப்பார். பொய் என்று தெரிந்தால் "த்தூ" என்று வாசலில் போய்த் துப்பிவிட்டு வருவார்.

நகரிக்கு அருகே, சொந்த நிலமில்லாத குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதில் ஒரு பெரிய வீட்டில் கார் கழுவப் போய், அதையே ஓட்டக் கற்றார். அவர்கள் ஐதராபாத்துக்குக் குடிபோனபோது, வெள்ளைக்காரன் காலத்து அந்த வண்டியை நைனாவிடமே விட்டுச் சென்றார்கள். புத்தூரிலிருந்து திருப்பதிக்கு ஆட்களை ஏற்றிச் சென்றுதான் என்னையும் தங்கையையும் படிக்கவைத்தார்.

தொண்ணூறுகளில் சாலையெங்கும் புதுப்புதுக் கார்கள். அந்த நேரம் பார்த்து நைனாவின் வண்டி வடமாலபேட்டை அருகே நின்றது. எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஷாப்ட்டில் நான்கு போல்ட்டுகளும் அறுந்துவிட்டன. பழைய வண்டியின் போல்ட்டில் மரை, அதாவது திருகும் வரி, இன்ச் அளவு. கடைகளிலோ எல்லாம் எம்.எம். அளவு. புத்தூர், சித்தூர், நாயுடுபேட்டை என்று அலைந்தார். திருப்பதியில் ஒருவன் போல்ட்டைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்காமல், "பாத பண்டி சாமி, இனுமுக்கு ஏசெய்" என்றானாம். பழைய இரும்புக்குப் போடச் சொல்கிறான்!

சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்த என்னிடம் அறுந்த போல்ட் ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். "பழைய சாமான் கடைங்கள்ல தேடிப் பார்றா. வண்டி நின்னா சோறு நின்னுடும்" என்றார். நான் தேடவில்லை. கிரீஸ் கறை கையில் படுமே என்று காகிதத்தைப் பிரிக்கக்கூட இல்லை. அடுத்த முறை ஊருக்குக் கிளம்பும் அன்று தெருமுனைக் கடையில் கண்மதிப்பாக நான்கு எம்.எம். போல்ட் வாங்கி, "இன்ச்சுதான் நைனா, கடைக்காரர் சொன்னார்" என்று நீட்டினேன்.

அவர் திருகினார். இரண்டு சுற்று ஏறி, கடித்துக்கொண்டு நின்றது.

"இது எம்.எம்.டா. உன்னை நல்லா ஏமாத்திக்கீறான். எந்தக் கடை?"

வாயில் வந்த ஒரு தெருவைச் சொன்னேன்.

மறுவாரம் எனக்குச் சொல்லாமல் பஸ் ஏறிச் சென்னைக்கு வந்து, அவனை நாலு கேள்வி கேட்க வேண்டுமென்று பகல் முழுக்க வெயிலில் தேடியிருக்கிறார். "அங்க கடையே இல்லடா. ஏமாத்திட்டு மூடிக்கினு பூட்டான்" என்றார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. சீ!

ரேணிகுண்டாவில் ஒரு லேத் பட்டறைக்காரர் நான்கு போல்ட்டையும் கடைந்து கொடுத்தார். வண்டி மேலும் பல ஆண்டுகள் ஓடியது. கடைக்காரன் கதையும் ஓடியது. கல்யாணம், காதுகுத்து எங்கும் நைனா அதைச் சொல்வார். சொந்தங்களாகிய நீங்களும் அவனைத் திட்டுவீர்கள். கூடவே நானும் திட்டினேன். என்ன பிறவியோ நான்! மூச்சுத் திணறிப் படுத்திருந்த கடைசி வாரத்தில்கூட, மருந்துச் சீட்டோடு கிளம்பிய என்னிடம், "பார்த்து வாங்குடா, நீ வெகுளி" என்றார்.

இரவு பகல் பாராமல் நைனாவைக் கவனித்த தங்கைக்கும், அந்தப் பட்டறைக்காரருக்கும், காரியங்களில் துணைநின்ற உங்கள் எல்லாருக்கும் நன்றி. அந்தக் கடைக்காரனை இனித் திட்டுவதானால் என் முகத்தைப் பார்த்துத் திட்டுங்கள். அங்கே கடையே இல்லை என்று நைனா கண்டுபிடித்தது சரிதான். ஏமாற்றியவன் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தான்.