பச்சைத் துண்டு

நீராவி எஞ்சின் தண்ணீர் குடிக்க நின்ற இடத்தில் முளைத்த ஊர் எங்களுடையது. டீசல் எஞ்சினுக்குத் தாகமில்லை. ரயில் நிற்பது நின்றுபோயிற்று.

நிற்காத ரயில்களுக்குப் பச்சைக்கொடி காட்டியே ஓய்வு பெற்றவர் என் பெரியப்பா. மறுநாளே ‘ரயிலை நிறுத்து’ போராட்டக் குழுவுக்குத் தலைவராகி எங்கள் உயிரை வாங்கினார்.

போன மாதம் ஏதோ கோளாறால் ஒரு எக்ஸ்பிரஸ் எங்கள் நடைமேடையில் நின்றேவிட்டது. ஊரே திரண்டு ஓடியது. பெரியப்பா முண்டியடித்து முன்னால் போனார். டிரைவர் தலையை நீட்டி, “சரி பண்ணியாச்சு. கிளம்பலாமா பெரியவரே?” என்றார். பழக்கதோஷத்தில் பெரியப்பாவின் கை, தோளில் கிடந்த பச்சைத் துண்டை உருவி ஆட்டிவிட்டது. ரயில் போய்விட்டது.

பெரியப்பா எங்கள் பக்கம் திரும்பினார். “பாத்தீங்களா அநியாயத்த? நிக்கவே மாட்டேங்கறான்!”

“ஆமாமா!” என்றது ஊர். டிரைவருக்குக் கண்டனத் தீர்மானம் அங்கேயே கைதட்டலோடு நிறைவேறியது.