தொட்டி வீட்டார்

பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்களைத் ‘தொட்டி வீட்டார்’ என்பார்கள். கன்னடத்தில் தொட்டி மனை என்றால் நடுமுற்றம் வைத்துக் கட்டிய பெரிய வீடு. ஆகவே எங்கள் முன்னோர் வட ஆர்க்காட்டில் அத்தகைய வீட்டில் வாழ்ந்து, பட்டாளத்தோடு பெங்களூர் வந்தவர்கள் என்று ஊர் நம்பியது. நாங்கள் மறுக்கவில்லை. கல்லூரி ஆசிரியர் அறையில் நானே அதைச் சொல்லியிருக்கிறேன். பெண் பார்க்கப் போன இடத்திலும் சொல்லியிருக்கிறேன்.

உண்மை பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்யாணப் பந்தியில் வெளிப்பட்டது. முதல் பந்தியில் இடம் தரவில்லை என்று என் தந்தை முகம் சுளித்தார். பரிமாறிக்கொண்டிருந்த சித்தி, அப்பாவின் தம்பி மனைவி, கையிலிருந்த சாம்பார் வாளியைக்கூட இறக்காமல் சொன்னாள்: “கஞ்சித் தொட்டில கையேந்துன வம்சத்துக்கு முதல் பந்தி கேக்குதாக்கும்.”

வீடு திரும்பும் வழியில் நான் கேட்டபோது அப்பா சுருக்கமாகச் சொன்னார். அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் மழை பொய்த்தது. ஏரி வறண்டு வெடித்தது. விதைநெல்லும் தீர்ந்தபின் பாட்டனாரின் தந்தை, மனைவியோடும் இரு குழந்தைகளோடும் கணவாய் ஏறி நடந்தார். கண்டோன்மென்ட் ஓரத்தில் பஞ்சத்துக்கு வைத்திருந்த கஞ்சித் தொட்டியின் முன் மாதக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். பழகாத பெங்களூர்க் குளிரில் சின்னக் குழந்தை இறந்துபோனது. மறுநாளும் அவர் பஞ்ச நிவாரண வேலைக்குப் போய் மண்கூடை தூக்கினார். மிஞ்சிய மகனைப் பள்ளிக்கு அனுப்பினார்.

அந்தத் தொட்டிதான் எங்கள் பெயர். அதைச் சுற்றி முற்றம் கட்டியவர்கள் பின்னால் வந்த நாங்கள்.

இவ்வாண்டு எங்கள் தேவாலயம் வெளியிடும் மலருக்குப் பழைய குடும்பங்கள் தத்தம் வரலாற்றை ஒரு பக்கத்தில் எழுதித் தர வேண்டும். நான் உள்ளதை உள்ளபடியே எழுதினேன். அச்சுப்படியைப் பார்த்துவிட்டுச் சித்தியின் மகன் வந்தான், பேரன் எடுத்தவன்.

“அண்ணா, பட்டாளம்னே இருக்கட்டுமே. என் சம்பந்தி வீட்ல படிப்பாங்க.”

“உங்கம்மா பந்தியில சொன்னதைத்தானேப்பா எழுதியிருக்கேன்.”

“அது கோவத்துல சொன்னது.”

“நம்ம வீட்ல உண்மை கோவத்துலதான் வரும்.”

குடும்பத்தின் மரியாதையைக் காப்பதில் நான் எவருக்கும் சளைத்தவனல்லன். அதனால்தான் எழுதினேன். வானம் பொய்த்தது அவர்கள் குற்றமன்று. அதை மறைக்கப் பொய் சொன்னது எங்கள் குற்றம், அதில் என் பங்கு பெரிது. பட்டாளத்தோடு வந்தவனுக்கு வழியெங்கும் ரேஷன் உண்டு. பஞ்சத்தில் நடந்து வந்த இவருக்குத் தலைக்கு மேல் வெயில் மட்டுமே இருந்தது. குழந்தையைப் புதைத்த மறுநாள் வேலைக்குப் போனவரைவிட எந்த சுபேதார் எனக்குப் பெரியவர்? இதைப் படித்து முகம் திருப்பும் சம்பந்தி திருப்பிக்கொள்ளட்டும்.

தம்பி தன் பெயரையாவது வம்ச வரிசையிலிருந்து எடுத்துவிடச் சொன்னான். அதற்கு எனக்கு அதிகாரமில்லை என்றேன். அவன் காபியைத் தொடாமல் போய்விட்டான். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அச்சுப்படியை மலர்க் குழுவிடம் சேர்த்தேன். ஒரு சொல்லும் மாற்றலாகாது என்று மேலே எழுதி, முழுக் கையொப்பம் இட்டிருக்கிறேன்.