பக்தவச்சலம் செய்த இருக்கை

திருத்தணியில் கிரில் பட்டறை வைத்திருக்கும் பக்தவச்சலம், மனைவிக்காக ஒரு வண்டி கட்டினார். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் கம்பி வைத்த பிறகு பாஞ்சாலிக்கு ஒரு கால் சரியாக மடங்கவில்லை. பஸ் படி ஏற முடியாது, ஆட்டோவுக்குள் குனிந்து நுழைய முடியாது. அம்மையார்குப்பத்தில் தறி நெய்யும் அக்கா அன்னம்மாளைப் பார்ப்பதுகூடப் போனில்தான் என்றாகிவிட்டது.

பழைய ஜீப் ஒன்றை வாங்கி, துருப்பிடித்த மேல்பாகத்தை வெட்டிப் போட்டுவிட்டு, தகரத்தில் புதிதாகக் கட்டினார். முன் இருக்கைக்குத்தான் அதிகம் மெனக்கெட்டார். கதவைத் திறந்தால் அது வெளிப்பக்கம் திரும்பும். பாஞ்சாலி நின்ற வாக்கில் பின்னால் சாய்ந்து உட்காருவாள். அவர் அவள் காலைத் தாங்கிக்கொண்டு இருக்கையை நேராகத் திருப்பி, தாழ்ப்பாள் போடுவார். காலமெல்லாம் கேட் செய்தவர். கேட்டுக்குப் போடுகிற அதே தாழ்ப்பாளைத்தான் இதற்கும் போட்டிருந்தார்.

அந்த இருக்கையில் உட்கார்ந்து பாஞ்சாலி பலமுறை அக்கா வீட்டுக்குப் போய்வந்தாள். வண்டியின் தகுதிச் சான்று, எஃப்.சி., முடியும் நாள் வந்தபோது, மாற்றிக் கட்டியதையும் சேர்த்துப் பதிந்துவிடலாம் என்று வண்டியை ஆய்வுக்குக் கொண்டுபோனார்.

பிரேக் இன்ஸ்பெக்டர் அனுராதா என்ற பெண். வண்டியைத் தானே ஓட்டிப் பார்த்தார். ஆய்வு மைதானத்தின் ஓரத்தில் நின்று பக்தவச்சலம் பார்த்துக்கொண்டிருந்தார். வேகமாக வந்து அனுராதா பிரேக்கை மிதித்ததும், தாழ்ப்பாள் துள்ளிக் கழன்று, காலி இருக்கை கதவைப் பார்த்துத் திரும்பி நின்றது.

அனுராதா இறங்கி வந்து திட்டவில்லை. அந்த சீட்டில் யார் உட்காருவார்கள் என்று மட்டும் கேட்டார்.

"என் சம்சாரம்ங்க."

"இப்படியே அவங்கள வச்சி இனிமே ஓட்டாதீங்க."

சீட் பெல்ட்கூட வெறும் தகரத்தில் முடுக்கியிருக்கிறது, பூட்டும் பெல்ட்டும் வண்டியின் அடிச்சட்டமான சேஸைப் பிடித்து நிற்க வேண்டும், சரிசெய்துகொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

அதற்குப் பிறகு பக்தவச்சலம் வண்டியைத் தொடவில்லை. தார்ப்பாய் போட்டு மூடினார். பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றார், எங்கேயாவது போக வேண்டுமென்றால் ஆம்புலன்ஸ் சொல்லிக்கொள்ளலாம் என்றார்.

"ஆம்புலன்ஸ்ல போய் எறங்குனா எங்கக்கா ஒப்பாரி வெச்சிடுவா," என்றாள் பாஞ்சாலி.

அவர் சிரிக்கவில்லை. திரும்பி நின்ற அந்த இருக்கையைப் பற்றி அன்றைக்குத்தான் அவளிடம் சொன்னார். கேட்டுவிட்டு, நீ கட்டினதை நீதான் சரிபண்ணணும் என்றாள்.

மறுநாள் தார்ப்பாயை எடுத்தார். இருக்கையின் அடிச்சட்டத்தைத் தகரத்திலிருந்து பிரித்து, கனத்த போல்ட்டுகளால் சேஸோடு இறுக்கினார். தாழ்ப்பாள் இருந்த இடத்தில், ஸ்பிரிங் தள்ளித் தானே விழுகிற இரண்டு இரும்புப் பின்களை வைத்தார். பெல்ட்டையும் கீழே இறக்கிக் கட்டினார். சிமென்ட் மூட்டையை உட்காரவைத்து, பிரேக் போட்டுப் பார்த்தார். அசையவில்லை. மறுபடியும் மூட்டையை ஏற்றினார். மறுபடியும் அசையவில்லை. ஆய்வுக்கு மட்டும் போகவில்லை.

ஒருநாள் பாஞ்சாலி வாக்கரைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்கே வந்துவிட்டாள்.

"மூட்டைய எறக்கு பாவா. அதுக்கு இன்னா தெரியும்? நான் ஒக்காந்து சொல்றேன்."

அத்தை மகனைக் கட்டிக்கொண்டவள். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவரை அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

"இடுப்புல கம்பி இருக்குதுமே."

"கம்பி வெச்ச டாக்டரு ஒழுங்காத்தான் வெச்சாரு. நீ வெச்சத நான் பாக்கணும்."

ஊருக்கு வெளியே, பிளாட் போட்டு விற்காமல் கிடக்கும் இடத்தில் தார் ரோடு மட்டும் நீளமாக இருந்தது. அங்கே போனார்கள். முதல் தடவை பிரேக்கை அவர் தடவிக்கொடுத்தார்.

"இது நாய் குறுக்க வந்தா போடறது. லாரி வந்தா போடறதப் போடு."

அடுத்த தடவை வேகம் எடுத்தார். ரோட்டின் முடிவில் முள்வேலி தெரிந்தது. மிதித்தார். டயர் கிறீச்சிட்டது. பாஞ்சாலியின் தலை முன்னால் போய் வந்தது. இருக்கை நேராகவே நின்றது.

அவர் ஓடிவந்து அவள் பக்கக் கதவைத் திறந்தார். அவள் கண்ணில் நீர் கோர்த்திருந்தது.

"வலிக்குதா?"

"ஆங், வலிக்குது. இன்னொரு வாட்டி போடு."

"வேணாம்மே."

"உனுக்கு நம்பிக்க வர்ற வரைக்கும் போடு."

அவர் கதவைப் பிடித்தபடி தார் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். பாஞ்சாலி பெல்ட்டைக் கழற்றாமல் காத்திருந்தாள். எழுந்தபோது, நாளைக்கே வண்டியை ஆய்வுக்குக் கொண்டுபோகிறேன் என்றார்.

எஃப்.சி. கிடைத்த வாரத்திலேயே அம்மையார்குப்பம் போனார்கள். தங்கையின் தோளில் பெல்ட் பதிந்து கன்றியிருந்ததை அன்னம்மாள் பார்த்துவிட்டாள். விஷயம் தெரிந்ததும் பக்தவச்சலத்தை, பொம்பளைய வெச்சா பரீட்ச பண்ணுவ என்று வாய் ஓயாமல் திட்டினாள். அவர் தலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாஞ்சாலி அக்காவிடம் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னாள், அவருக்கு.