பனியே போதும்னு குழாயை மூடினவரு

இன்னைக்குக் காலைல கொழுந்தனார் எங்க ஊட்டுக்கு வந்தாருங்க. நாலு நாளைக்கு முன்னாடி வாசல்ல பதிச்ச புல்லுக்கு நான் தண்ணி விட்டுட்டு இருந்தேன்.

"ஏனுங்க நங்கை, தை மாசப் பனி இந்தக் கொட்டு கொட்டுது, தண்ணி வேற எதுக்குங்க?"ன்னு குழாயை மூடிப்போட்டார். அண்ணியை எங்க பக்கம் நங்கைன்னுதான் கூப்புடுவாங்க.

இதே வாயிதான். தொண்ணூத்தி ஆறுல எங்க பெரிய பொண்ணு நிச்சயத்துக்குப் புதுசாப் புல்லு பதிச்சப்பவும் "பனியே போதும்"னு தண்ணியை நிறுத்தினாரு. குளுரோட அடிச்ச வறட்டுக் காத்துல ஓரமெல்லாம் கருகின தோசையாட்டம் சுருண்டுக்கிச்சு. சம்பந்தி வந்தன்னைக்கு வாசல்ல வைக்கோல் விரிச்ச மாதிரி கெடந்துச்சு. அவங்க முன்னால "நங்கைக்கு வளர்க்கத் தெரியலீங்க"ன்னு சிரிச்சாரு பாருங்க, அந்தச் சிரிப்பு இன்னும் எனக்கு மறக்கலை.

இன்னைக்கு நான் அவரைச் சும்மா விடலை. இன்னும் நனைக்காத மூலையில புல்லைத் தூக்கிக் காட்டினேன். மேல பனி மினுக்குது, அடியில மண்ணு பொடிப்பொடியா உதிருது.

"பனி நுனியோட நின்னுருமுங்க. புதுப் புல்லுக்கு வேரு இன்னும் மண்ணைப் பிடிக்கலை. தண்ணி இல்லாட்டி அது எதைக் குடிக்கும்?"

"அது எனக்கு அப்பவே தெரியுமுங்க"ங்கறாரு! கொஞ்சமாச்சும் கூச்சம் வேணாமா?

குழாயைத் திரும்பத் தொறந்து உட்டுட்டேன். மனுசன் இப்ப உள்ள உக்காந்து காப்பிக்குக் காத்துட்டு இருக்காரு. போட்டுக் குடுக்கறதா, காப்பிக்கு வெக்கற தண்ணியையும் புல்லுக்கே ஊத்திப்போடறதா, நீங்களே சொல்லுங்க.